ஆசனம் பறிபோன பூதம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பூதத்தை ஏவியாவது மனைவியை ஓட ஓட விரட்டிவிடுவது என்று லிப்ட்காரர் தீர்மானித்தார்.

நேரடியாக விரட்டிப் பார்க்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை குரலை உயர்த்திப் பார்த்தார். "தொண்டை கட்டியிருக்கா, வெந்நீர் தரட்டுமா?" என்று கேட்டாள். அதோடு சரி. அதனால்தான் பூதம்.

பூதம் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் மகள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கூட வேலை பார்க்கிறவர்களிடம் ஓர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து, ஞாயிறு மத்தியானங்களில் வீட்டில் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள். ஆட்டத்துக்குச் சீட்டும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். "முன்னால ஒரு குகை. உள்ளே உறுமல் கேக்குது. என்ன செய்யறீங்க?" என்பார் கதை நடத்துகிறவர். வெட்டுகிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்டினால், விழுகிற எண்ணைப் பொறுத்து பூதத்துக்குக் காயம் படும், அல்லது வெட்டப் போனவன் கால் தடுக்கி விழுவான். பகடைக்கு இருபது முகம். உருட்டினால் மேசையை விட்டு இறங்கி அலமாரிக்கு அடியில் போய்த்தான் நிற்கும்.

ஆரம்பத்தில் மகள்தான் கதை நடத்தினாள். அவள் அனுப்புகிற பூதங்களைப் பற்றி லிப்ட்காரர் ஓயாமல் குறை சொன்னார். இந்தப் பல்லுக்கு இந்தத் தாடை தாங்காது, இவ்வளவு பெரிய உடம்பு இந்த வாசலில் எப்படி நுழைந்தது என்று கணக்குக் கேட்டார். "அப்படின்னா நீங்களே நடத்துங்கப்பா" என்று பகடையை அவர் கையில் வைத்துவிட்டாள்.

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வாழ்நாள் முழுக்கக் கட்டடம் கட்டடமாக ஏறி லிப்ட் பழுது பார்த்தவர். எந்தக் கம்பி எவ்வளவு எடை தாங்கும், எந்தச் சங்கிலி எப்போது அறும் என்பதெல்லாம் அத்துப்படி. பூதம் எத்தனை அடி தாங்கும் என்று கணக்குப் போடத் தெரியாதா?

போட்டார். தப்பாகவும் போடவில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி.

அவள் தண்ணீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற இடத்தில் உட்காருகிறவள். மூன்று நாளாகக் குழாயில் காற்று வருகிறது என்று வெறிபிடித்து வருகிற ஆட்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே சாந்தப்படுத்தித் திருப்பி அனுப்பி அனுப்பிப் பழகியவள். ஆட்டத்தில் வாள் வேண்டாம், மந்திரம் வேண்டாம், தூதுக்காரி வேஷம் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கையில் ஒரு லாந்தர். அவ்வளவுதான். மேசையில் அவளுடைய காய், டானிக் பாட்டிலின் மூடி.

முதல் வாரம் லிப்ட்காரர் மூன்று தலை நெருப்புப் பாம்பை அனுப்பினார். மூன்று தலையில் எந்தத் தலைக்கு வேலை அதிகம் என்று தூதுக்காரி விசாரித்தாள். மூன்றும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. அதற்குள் எல்லோரும் பாலத்தைக் கடந்துவிட்டார்கள். அடுத்த வாரம் எலும்புக்கூட்டுப் படை. "உங்களுக்கு மேலதிகாரி யாரு? ஒவ்வொருத்தரா வாங்க, முண்டியடிக்காதீங்க" என்றாள். படை வரிசையில் நின்றுவிட்டது. வரிசையில் நின்ற படை எங்கே சண்டை போடும்? அதற்கடுத்த வாரம் ஓர் அரக்கன். தோற்கப்போகிற நேரத்தில், அந்த அரக்கனுக்குக் காது கேட்காது என்று லிப்ட்காரர் நடுவழியில் ஒரு சட்டம் போட்டார். அப்படியானால் இவ்வளவு நேரம் அவன் எப்படிப் பதில் சொன்னான் என்று மனைவி கேட்டாள். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான்காவதாக ஆடுகிறவர் தெருக்கோடியில் பேக்கரி வைத்திருக்கிறவர். ஆட்டத்தில் கோடரி வீரன். அவர் காய், கேக்கில் குத்துகிற மெழுகுவத்தி. "அண்ணே, உங்க பூதத்தைவிட என் ரொட்டி நாலு நாள் கூடத் தாங்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பேக்கரிக்காரர் சிரித்ததுதான் லிப்ட்காரருக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் அந்த ஆளிடம்தான் அவருடைய நாற்காலி இருக்கிறது.

நாற்காலி விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. இடிக்கப்போகிற ஒரு பழைய கட்டடத்தின் வரவேற்பறையில் கிடந்த சாய்வு நாற்காலி அது. ஒரு கால் உடைந்திருந்தது. லிப்ட்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைந்த காலுக்கு லிப்ட் கூண்டின் இரும்புப் பட்டையை வைத்து முடுக்கி, மேலே கறுப்பு ரெக்சின் போட்டார். பிறகு ஒரு நாள் லிப்ட் கூரையிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டது. வேலை போயிற்று. ஒரு வருஷம் அந்த நாற்காலியே கதியென்று கிடந்தார். அது அவர் முதுகை அறிந்திருந்தது. அவரும் அதன் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அறிந்திருந்தார். அப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் நாற்காலியைக் காணோம். எங்கே என்று கேட்டார். பேக்கரிக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டார். இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது என்றாள்.

கொடுத்ததைக்கூட மன்னித்திருப்பார். அந்தப் பதிலை மன்னிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பேச்சும் நாற்காலியில்தான் போய் முடிந்தது. சாம்பாரில் உப்பு குறைவு என்று ஆரம்பித்தால், நாற்காலியையே தூக்கிக் கொடுத்தவளுக்கு உப்பு என்ன பெரிசு என்று முடிப்பார். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று மகள் சொன்னால், அந்தப் பேக்கரிக் கூரை ஒழுகும், ரெக்சின் நனையும் என்பார். தினமும் சாயங்காலம் மேட்டில் ஏறித் தெருக்கோடி வரை போய் நாற்காலியின் நிலவரத்தைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் அதன்மேல் முட்டைத் தட்டு இருக்கும். ஒரு நாள் பூனை இருக்கும். பார்த்துவிட்டு வந்த அன்றெல்லாம் பசி நன்றாக எடுக்கும். கோபத்தில் இரண்டு தோசை கூடவே இறங்கும்.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் பேக்கரிக்காரர் சிரித்தார். லிப்ட்காரர் மேசையில் தட்டிப் பந்தயம் கட்டினார். அடுத்த ஞாயிறு தன் பூதம் ஜெயித்தால் நாற்காலி வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

"சரி" என்றாள் மனைவி. "தோத்துட்டா?"

"தோக்காது."

"தோத்துட்டா, இனிமே ஆயுசுக்கும் நாற்காலின்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது."

லிப்ட்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாற்காலி போனாலும் நாற்காலிப் பேச்சாவது கையில் இருந்தது. அதுவும் போய்விட்டால் மனுஷனுக்கு என்னதான் மிஞ்சும்? ஆனால் பேக்கரிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றுவிட்டார் லிப்ட்காரர்.

அவர் நடுவழியில் சட்டம் மாற்றுகிறவர் என்பதால் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். பலவீனமே இல்லாத பூதம் ஆட்டத்துக்கு ஆகாது. அந்தப் பலவீனம் என்னவென்று ஆட்டத்துக்கு முன்பே தன் காதில் சொல்லிவிட வேண்டும். சொன்னதை மாற்றக் கூடாது. தன்னுடைய மந்திரவாதிக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம், தான் நடுவராக இருக்கிறேன் என்றாள்.

அந்த வாரம் முழுக்க மனைவி வேலைக்குப் போனதும் லிப்ட்காரர் சாப்பாட்டு மேசையைத் தொழிற்சாலை ஆக்கினார். பழைய லிப்டிலிருந்து கழற்றிய பெரிய நட்டு ஒன்றைப் பூதமாக நிறுத்தினார். தீப்பெட்டிகளை அடுக்கி மலைக்கணவாய் கட்டினார். முதலில் பூதத்துக்கு எட்டுக் கை வைத்தார். பிறகு எட்டுக் கையை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கும் என்று யோசித்து நான்கைக் கழற்றினார். விஷ மூச்சு வைத்தார், எடுத்தார். எதை வைத்தாலும் அவள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்து பேசியே காரியத்தைக் கெடுத்துவிடுவாள் என்று தோன்றிற்று.

மருந்துக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். பல்லையும் நகத்தையும் கூட்டிக்கொண்டே போனால் சண்டை நீளும், கஷ்டமாகாது. நிற்கிற தரையே சோதனையாக இருக்க வேண்டும். ஆடுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிறது எதுவோ, அது அங்கே செல்லாமல் போக வேண்டும். "எல்லாத்துக்கும் மேல, அந்தப் பூதத்துக்கு என்ன வேணும்னு யோசிங்கப்பா. சும்மா கடிக்கிறதுக்குன்னு யாரும் வழியில உக்காந்திருக்க மாட்டாங்க."

பூதத்துக்கு என்ன வேணும்?

லிப்ட்காரர் நட்டை உற்றுப் பார்த்தார். நட்டும் அவரை உற்றுப் பார்த்தது. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது.

கணவாயின் நடுவில் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு அருமையான ஆசனம் இருந்தது. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அன்று முதல் வெறுங்கல்லில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டு, எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. அதன் முன்னால் இருக்கிற தரை, லிப்ட் தளம் மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம், இரண்டாவது ஆள் காலை வைத்தால் பள்ளத்தில் போய்விடும். வெட்டினால் அதற்குக் காயம் படாது. ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் மனக்கசப்பு ஏறும். கசப்பு ஏற ஏற பலம் ஏறும். தலையில் இரண்டு கொம்பும் வைத்தார். கொம்பு இருப்பதால் யாரும் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று முழுமனதாக நம்பினார்.

பலவீனத்தை வைத்ததில்தான் அவருடைய சாமர்த்தியம் முழுக்க இருந்தது. "தப்பு என்மேலதான்" என்று யாராவது அதனிடம் மனதார ஒப்புக்கொண்டால் பூதம் எழுந்து வழிவிட்டுவிடும்.

ஏன் என்றால், மனைவியின் அலுவலகத்தில் கண்டிப்பான உத்தரவு ஒன்று உண்டு. புகாரோடு வருகிறவர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தப்பு நம்முடையது என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. வருந்துகிறோம் எனலாம். பதிவு செய்துகொண்டோம் எனலாம். ஆள் அனுப்புகிறோம் எனலாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வாய் அப்படியே பழகிப்போய், வீட்டிலும் அவள் ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட "பதிவு பண்ணிக்கிட்டேன்" என்கிறவள். பூமி பிளந்தாலும் அவள் வாயிலிருந்து அது வராது. நாற்காலி வந்த மாதிரிதான்.

ஞாயிறு மத்தியானம் பலவீனத்தை மகள் காதில் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அப்பா முகத்தையே பார்த்தாள்.

"அப்பா, இது பூதந்தானே?"

"கொம்பு இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போய் உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. பேக்கரிக்காரர் தரையைப் பற்றிக் கேட்கவேயில்லை. நேராகப் போய்க் கோடரியை வீசினார். இருபது விழுந்தது. ஆட்டத்தில் அதற்கு மேல் நல்ல எண் கிடையாது. துள்ளிக் குதித்தார். பூதத்தின் பலம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று லிப்ட்காரர் நிதானமாக அறிவித்தார். மறுபடி வெட்டினார், மறுபடி ஏறிற்று. பூதம் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டிற்று. மெழுகுவத்தி அந்தத் தரையைத் தாண்டி மேசையோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

லிப்ட்காரருக்கு ரெக்சின் வாசனையே வந்துவிட்டது. சன்னல் ஓரத்தில் போடுவதா, சுவர் ஓரத்தில் போடுவதா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

மனைவி டானிக் மூடியை மெதுவாக முன்னால் நகர்த்தினாள். பகடையைத் தொடவில்லை.

"இது எவ்வளவு காலமா உக்காந்திருக்கு?"

"ரொம்பக் காலமா."

"சாப்பாடு?"

"சண்டைக்கு வந்த இடத்துல அதெல்லாம் கேக்கக் கூடாது."

"கேக்கலாம்" என்றாள் மகள். நடுவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

லிப்ட்காரர் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. எட்டுக் கைக்குக் கணக்குப் போட்டவர் ஒரு வாய்ச் சோற்றை மறந்துவிட்டார். "யாரோ கொண்டு வந்து வைப்பாங்க" என்று முணுமுணுத்தார்.

"யாரு?"

"யாரோ ஒருத்தி."

"அவ கொண்டு வந்து வைக்கிறப்போ இது என்ன பேசும்?"

"ஆசனத்தப் பத்திப் பேசும்."

பேக்கரிக்காரர் இருமினார். மனைவி இருமவில்லை, சிரிக்கவுமில்லை. நட்டின் பக்கமாகக் கொஞ்சம் குனிந்துகொண்டாள். குழாயில் தண்ணீர் வராதவர்களிடம் பேசுகிற குரல் அது இல்லை. லிப்ட்காரர் அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"பூதமே" என்றாள். "அந்த ஆசனத்த எடுத்துக் குடுத்தது நான்தான்."

லிப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதுகு தேறிடுச்சு, நடக்கச் சொல்லுங்கன்னு வைத்தியர் சொன்னாரு. நீ எழுந்திரிக்கல. காலையில நான் போகும்போதும் அதுலதான் இருப்ப, வரும்போதும் அதுலதான் இருப்ப. விளக்குகூடப் போட மாட்ட. ஒரு நாள் கதவத் தொறந்தா ஒரே இருட்டு. சத்தமே இல்ல. உனக்கு மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரல் வச்சுப் பாத்தேன். நீ தூங்கிட்டு இருந்த. உனக்குத் தெரியாது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அதுவும் தெரியாது."

மகள் மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட. எங்கயாவது தூரமாக் குடுத்தா மறந்துடுவ. அதனாலதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் குடுத்தேன். கோவத்துலயாவது எழுந்து, தினமும் நீ நடந்து போய்ப் பாத்துட்டு வருவன்னு. நீயும் போன. மழையிலகூடப் போன. இப்ப உன் முதுகு எப்படி இருக்கு?"

லிப்ட்காரரின் கை அவரை அறியாமல் பின்னால் போய் முதுகைத் தொட்டது. வலி போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. எப்போது போயிற்று என்றுதான் தெரியவில்லை. தினமும் மேடு ஏறினவர், ஒரு நாளும் அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியைத்தான் கவனித்தார்.

"ஆனாலும், உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்தேன் பாரு" என்றாள் அவள், "அது தப்பு. தப்பு என்மேலதான்."

மகள் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். நடுவராகத் தீர்ப்புச் சொன்னாள். "பூதம் எழுந்திரிக்கணும்ப்பா."

கதை நடத்தும்போது பூதம் செய்வதையெல்லாம் நடித்துக் காட்டுவது லிப்ட்காரரின் வழக்கம். எழுந்து நின்றார். நட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். டானிக் மூடி கணவாயைக் கடந்தது. படுத்திருந்த மெழுகுவத்தியையும் போகிற போக்கில் கூட்டிக்கொண்டு போயிற்று.

ஜெயித்த மாதிரியும் இருந்தது, தோற்ற மாதிரியும் இருந்தது. இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினார்.

"இப்ப சொன்னது, எனக்குச் சொன்னதுதானே?"

"உங்களுக்கா? பூதத்துக்கு." மூடியைத் துடைத்துப் பாட்டிலில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கிறீங்க?"

"தூசி. இந்த வீட்டுல ஒரு..." என்று ஆரம்பித்தார். நாற்காலியில் முடிக்க வேண்டிய வாக்கியம் அது. வாய் திறந்தபடியே நின்றது. பந்தயம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டது.

பேக்கரிக்காரர் நல்ல மனுஷன். இந்த இடத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாற்காலி கடையிலேயே இருக்கட்டும், ஆனால் முட்டைத் தட்டைத் தூக்கிவிடுகிறேன், அண்ணன் சாயங்காலம் நடந்து வந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றார். பூனைக்கு மட்டும் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். லிப்ட்காரர் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் அந்த வார்த்தை வந்துவிடும்.

"எழுந்ததுதான் எழுந்தீங்க" என்றாள் மனைவி, "அப்படியே எல்லாருக்கும் ஒரு டீ போடுங்க."

அடுப்படியில் பாலை வைத்துவிட்டு லிப்ட்காரர் யோசித்தார். வாழ்க்கையில் ஒரு மனக்குறை போனால் போகட்டும். வேறு ஒன்று கிடைக்காமலா போகும்? கிடைத்தும்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை ஒருநாளும் நீ என்றதில்லை. வாங்க, போங்க, சாப்பிடுங்க, என்னங்க. கொம்பு வைத்த ஒரு நட்டுக்கு மட்டும் நீ, வா, போ. அதுவும் அவ்வளவு ஆசையாக. கட்டின புருஷன் உட்கார்ந்திருக்க, ஒரு இரும்புத் துண்டுக்கு அப்படி என்ன தகுதி? சும்மா விடக் கூடாது. நாளைக்குக் காலையிலேயே இதை ஆரம்பித்துவிட வேண்டும்.

ஆயுசுக்கும் போதுமான சரக்கு கிடைத்துவிட்ட தெம்பில் தேயிலை டப்பாவைத் திறந்தார். கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"பூதமே, எனக்குச் சக்கரை கம்மியாப் போடு."